குட்டி ரயிலும் நான் அணைக்காத கற்பூரமும்

ஏற்காட்டுக்கு ரயில் ஏது என்று உங்களில் பலர் சிரிப்பீர்கள். நானும் சிரித்துக்கொண்டேதான் அந்த வேலையை ஏற்றுக்கொண்டேன். சேலத்தில் இறங்கி, பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவுகளில் தலை சுற்றிப் போய்ச் சேர்கிற ஊர் அது. அங்கே பயணிகள் ரயில் எந்தக் காலத்திலும் ஓடியதில்லை. ஆனால் ஊரை ஒட்டிய ஒரு எஸ்டேட்டில் காப்பி மூட்டைகளை இழுத்துவரக் குட்டித் தண்டவாளம் ஒன்று இருந்தது. அதில் ஓட ஒரு குட்டி நீராவி எஞ்சினும் இருந்தது. ஊருக்குள் இருந்த பழைய குடோன் வரை அது வந்து மூட்டைகளை இறக்கிவிட்டுப் போகும். லாரி வந்ததும் அந்த ஓட்டம் நின்றது. எஞ்சின் ஒரு கொட்டகைக்குள் சருகுக்கு அடியில் கிடந்தது, தண்டவாளம் மண்ணுக்குள் போய்விட்டது.

ஊர்களின் பழைய பகுதிகளைப் புதுப்பிக்கும் இந்த வேலைக்கு நீங்கள் இப்போதுதான் வந்திருக்கிறீர்கள். வரைபடம், டெண்டர், மண் பரிசோதனை எல்லாம் சொல்லிக்கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் முன்னால் நின்று ஒரு வார்த்தை கொடுக்க வேண்டி வருமே, அதைப் பற்றிப் பேச மட்டும் யாரும் இருக்க மாட்டார்கள். எனக்கு அப்படி வந்த ஒரு நாளைப் பற்றிச் சொல்கிறேன். செல்போன் வராத காலம் அது.

திட்டம் கேட்க அழகாக இருந்தது. எஞ்சினைச் சரிசெய்து ஏரிப் பக்கம் வரை சுற்றுலாப் பயணிகளை ஏற்றி ஓட்டுவது, குடோனை ஸ்டேஷனாக மாற்றுவது, அதைச் சுற்றிப் பாழாகிக் கிடந்த பகுதியை இடித்துச் சீராகக் கட்டுவது. சிக்கல் எங்கே என்றால், குடோன் சுவரில் சாய்ந்தபடி ஒரு கடை வரிசை இருந்தது. தகரக் கூரை, பின்னால் சாக்கடை. மழைக்காலத்தில் கடைக்குள் குடை பிடித்துக்கொண்டுதான் வியாபாரம் செய்வார்கள். அந்தக் கடைகளைக் காலி செய்தால்தான் கட்டட வேலையே தொடங்க முடியும்.

அந்த வரிசையில் முதல் கடை சரசக்காவுடையது. கற்பூரம், ஊதுவத்தி, தேங்காய் என்று பூசைச் சாமான் விற்பார். கோயிலுக்கு மலையேறுகிறவர்கள் அவர் கடையில் நிற்காமல் போக மாட்டார்கள். கடைசிக் கடை குடை ரிப்பேர் செய்யும் ராமசாமி அண்ணனுடையது. வருசத்தில் பாதி நாள் தூறல் போடுகிற ஊரில் அவருக்கு ஓய்வே இருக்காது. வாராவாரம் நான் மேலே போகும்போதெல்லாம் சரசக்கா கடையில் ஒரு ஸ்டூல் போட்டுத் தருவார்கள். அங்கே உட்கார்ந்து காப்பி குடித்தபடிதான் திட்டத்தைப் பற்றி ஒவ்வொருவரிடமும் பேசினேன்.

அவர்களுக்கும் ரயில் பிடித்துப்போனது. ஏரியைப் பார்த்துவிட்டு அப்படியே கீழே இறங்கிவிடுகிற கூட்டம் குடோன் பக்கமும் வருமே என்ற கணக்கு. "கடையைப் புதுசாகக் கட்டி உங்களுக்கே தருவோம்" என்று எங்கள் ஆபீசர் முதல் கூட்டத்திலேயே சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையை நம்பி ஊரே வேலையில் இறங்கியது. கொட்டச்சேட்டிலிருந்தும் மாரமங்கலத்திலிருந்தும் எஸ்டேட் ஆட்கள் லீவு நாளில் மண்வெட்டியோடு வந்து தண்டவாளத்தைத் தோண்டி எடுத்தார்கள். அந்தக் காலத்தில் எஞ்சின் மேட்டில் திணறும்போது வண்டியைத் தள்ளியவர்களின் பேரப்பிள்ளைகள் பலர் அவர்களில் இருந்தார்கள். எஞ்சினைத் துடைத்து, துரு சுரண்டி, சிவப்புப் பெயிண்ட் அடித்துக் குடோன் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அரசாங்க வேலைக்கு ஜனங்கள் இப்படி ஓடி வந்து நான் பார்த்ததில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

எங்கள் ஆபீசரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர். இந்த ரயிலுக்காக வருசக்கணக்கில் சென்னைக்கு அலைந்தவர். பொய் சொல்கிற மனிதர் இல்லை. கடையைத் திருப்பித் தருவோம் என்று சொன்னபோது அவர் அதை நம்பித்தான் சொன்னார்.

சென்னையிலிருந்து ஒரு குழு வந்து மக்கள் ஆதரவை நேரில் பார்த்துவிட்டுப் போனால் பணம் ஒதுக்குவார்கள் என்று ஆனது. குழு வருவதற்குச் சில நாட்களுக்கு முன் மேலிடத்திலிருந்து வாய்ப்பேச்சாக ஒரு சேதி வந்தது. புதுக் கடைகளைப் பொது ஏலத்தில் விடலாம் என்று யோசிக்கிறார்களாம். முடிவில்லை, பேச்சுதான். ஏலம் என்றால் என்ன ஆகும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். கீழேயிருந்து ஹோட்டல்காரர்கள் வந்து அள்ளிக்கொண்டு போவார்கள். சரசக்காவும் குடைக்காரரும் ஏலத்தில் வாய் திறக்கவே முடியாது.

கூட்டத்தன்று காலை ஜீப்பில் மேலே போனோம். ஆபீசர் முன் சீட்டிலிருந்து திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"ஏலம் பத்தி இன்னிக்கு மூச்சு விடக் கூடாதும்மா. மொதல்ல பணம் வரட்டும். அப்புறம் நான் சண்டை போட்டு அந்தப் பேச்சை நிறுத்திடறேன்."

"நிறுத்த முடியலைன்னா சார்?"

"முடியும்."

அந்த 'முடியும்' கொஞ்சம் தாமதமாக வந்தது.

குடோன் வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். பனி இறங்கி எஞ்சின் பாதிதான் தெரிந்தது. அதற்குச் சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். மேளம் அடித்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எஞ்சினின் படியில் தொற்றிக்கொண்டு கூவினார்கள். சென்னைக்காரர்கள் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அவர்களில் ஒருவர் என்னிடம், "இவ்வளவு ஆதரவு எங்கேயும் பார்க்கலை" என்றார். நான் சிரித்தேன். உள்ளுக்குள் ஒரே வேண்டுதல், சீக்கிரம் முடியட்டும், யாரும் எதுவும் கேட்காமல் முடியட்டும்.

எல்லாரும் பேசி முடிந்தது. நன்றி சொல்லிக் கலைய வேண்டியதுதான் பாக்கி. அப்போது சரசக்கா எழுந்து வந்தார். கையில் ஒரு வெற்றிலை, அதன் மேல் கற்பூரம். அவர் கடைக் கற்பூரம்தான். எஞ்சினின் பக்கவாட்டுப் பலகையில் வெற்றிலையை வைத்துத் தீக்குச்சி கிழித்தார். பூசை போடுகிறார் என்று நினைத்து நான்கூடக் கை கூப்பினேன்.

"மேடம், இங்க கொஞ்சம் வாங்க" என்றார்.

போனேன்.

"ஏனுங் மேடம், எங்களுக்கு எழுத்துப் படிப்பெல்லாம் நொம்பத் தெரியாதுங்க. நாளைக்கே கடையைக் காலி பண்ணிக் குடுத்துருவோமுங்க. கட்டி முடிச்சதும் எங்க கடை எங்களுக்குத்தான்னு இந்தக் கற்பூரத்த அணைச்சு ஒரு வார்த்தை சொல்லீருங்க. எங்களுக்கு அது போதுமுங்க."

எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொன்னால் அது சத்தியம். அந்தப் பக்கத்தில் வரப்புச் சண்டையும் பங்காளித் தகராறும் அதோடு முடிந்துவிடும். அதற்கு மேல் யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். கேட்டால் கேட்டவருக்குத்தான் அவமானம்.

நான் ஆபீசரைப் பார்த்தேன். "சார் இருக்காருங்களே அக்கா, அவர்..." என்று இழுத்தேன்.

"சார் மாத்தலாகிப் போயிருவாருங்க. வாராவாரம் எங்க கடைல உக்காந்து காப்பி குடிச்சது நீங்கதானுங்க."

ஆபீசர் எனக்குப் பின்னால் வந்து நின்று, உதடு அசையாமல் சொன்னார். "அணைச்சுட்டு வாம்மா. நாளைக்குப் பாத்துக்கலாம்."

நீங்கள் என் இடத்தில் நின்று பாருங்கள். கண் முன்னால் சிறு சுடர். அது எரிந்து முடிவதற்குள் முடிவு எடுக்க வேண்டும். என் கை தானாகவே பாதி உயர்ந்துவிட்டது. அணைத்தால் ரயில் வரும். ஆபீசரின் இத்தனை வருச அலைச்சல் பலிக்கும். அவர் சண்டை போட்டு ஏலத்தை நிறுத்திவிட்டால் என் சத்தியம் பொய்யாகவும் ஆகாது. நிறுத்த முடியாவிட்டால்?

சாமி குத்தம் வரும் என்று நான் பயப்படவில்லை. எனக்கு அவ்வளவு பக்தி கிடையாது. என் பயம் வேறு. இந்தக் கை கீழே இறங்கினால் அவர்கள் நாளைக்கே தகரத்தைப் பிரித்துக்கொண்டு வெளியேறுவார்கள். அதற்கப்புறம் ஏலம் என்று யாராவது காதில் போட்டாலும் நம்ப மாட்டார்கள். மேடம் கற்பூரம் அணைச்சிருக்காங்க என்று சொல்லிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். ஏலம் முடிந்த பிறகுதான் எழுந்திருப்பார்கள். அது மட்டும் எனக்கு அப்போது தெளிவாகத் தெரிந்தது. வேறு எதுவும் தெளிவாக இல்லை.

கையைக் கீழே போட்டேன்.

"என்னால முடியாதுங்க அக்கா."

சரசக்காவுக்குப் புரியவில்லை. "என்னுங்க?"

"கடையைத் திருப்பித் தர்றது என் கையிலே இல்லைங்க. ஏலம் விடலாமான்னு மேலிடத்துல ஒரு பேச்சு இருக்கு. இன்னும் முடிவாகலை. ஆகாமலே போனாலும் போகலாம். ஆனா அதைத் தெரிஞ்சு வெச்சுக்கிட்டு இதை நான் அணைக்க மாட்டேன்."

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். கற்பூரம் எரிந்தது, வெற்றிலை சுருங்கிக் கருகியது, புதுச் சிவப்புப் பெயிண்ட் கொப்புளித்துக் கறுத்தது. அது தானாக அணையும்வரை சரசக்கா நகரவில்லை. அணைந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "காப்பி குடிச்சுட்டுப் போங்க மேடம்" என்றார். மலைக்காரர்களின் மரியாதை சில சமயம் நம்மை அறுத்துப் போட்டுவிடும்.

கூட்டம் கரைந்தது. ஆதரவு இன்னும் கூடிவரவில்லை போலிருக்கிறது என்று சொல்லிவிட்டுச் சென்னைக்காரர்கள் காரில் ஏறிவிட்டார்கள்.

ஜீப் அடிவாரம் வந்ததும் ஆபீசர் சொன்னார். "நீ நல்லவளாயிட்ட. ரயில் போச்சு." நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். அதற்கு வெட்கப்படவில்லை. மறுநாள், "இனி நீ மேலே போக வேண்டாம். வேற ஆளை அனுப்பறேன்" என்றார். வேறு ஆளையும் அனுப்பவில்லை.

அதற்குப் பிறகு வந்த வாரங்கள் மாதிரி இன்னொன்று எனக்கு வேண்டாம். சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டேன். சொன்னதை விளக்கப் போகவும் வழியில்லை. சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், ஏற்காடு பஸ்ஸிலிருந்து இறங்குகிற ஒரு கண்டக்டரிடம் மேலே என்ன பேச்சு என்று விசாரிப்பேன். எனக்குத் தெரிந்தவர். அவர் தினம் ஒரு சேதி கொண்டுவருவார், ஒன்றும் நல்ல சேதியாக இருக்காது.

"ஏலம் நிச்சயமாகிப் போச்சுன்னு பேசிக்கறாங்க மேடம்."

"யாருங்க சொன்னது?"

"யாரு சொன்னதுன்னு தெரியலீங்க. எல்லாருந்தான் சொல்றாங்க."

நான் 'பேச்சு' என்று சொன்னது, வாய் மாறிப் போகப் போக 'நிச்சயம்' ஆகிவிட்டிருந்தது. ஒருநாள் அவர் சொன்னார். "குடைக்காரரு காலைல நம்ம வண்டிலதானுங்க எறங்குனாரு. பொட்டி, மூட்டை, பொண்டு புள்ளையோட. சேலத்துலயே கடை பாத்துக்கறாராமுங்க." ராமசாமி அண்ணன் வெளியேறியது ஏலத்தினால் இல்லை. ஏலம் என்று நான் உதிர்த்த ஒரு சொல்லினால்.

சில நாள் கழித்து எங்கள் ஆபீஸ் வாசலில் ஒரே செருப்புக் கூட்டம். எட்டிப் பார்த்தால் சரசக்கா நிற்கிறார். அவருக்குப் பின்னால் கடை வரிசை முழுக்க, அவர்களுக்குப் பின்னால் எஸ்டேட் ஆட்கள். கடையை அடைத்துவிட்டு முதல் பஸ்ஸில் இறங்கியிருக்கிறார்கள். என்னைக் கேள்வி கேட்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

"பெரிய ஆபீசரப் பாக்கோணும் மேடம். நீங்களும் கூட வாங்க" என்றார் சரசக்கா.

சத்தம் கேட்டு எங்கள் ஆபீசர் அறையிலிருந்து வந்தார். அவர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மேசைக்கு அடியில் கழற்றிவிட்டிருந்த ஷூவைப் போய்ப் போட்டுக்கொண்டு வந்து, "நடங்க, நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார். அந்த மனிதர் மேல் எனக்கிருந்த மரியாதை அன்றைக்கு இரண்டு மடங்காகியது.

எங்கள் ஆபீசருக்கும் மேலே இருந்த பெரிய அதிகாரி முன்னால் சரசக்கா குரலை ஒரு படிகூட உயர்த்தவில்லை. "ரயிலு எங்களுக்கு வேணுமுங்க சார். மண்ணுக்குள்ள கெடந்த தண்டவாளத்தத் தோண்டி எடுத்ததே நாங்கதானுங்க. அது ஓடறப்ப நாங்களும் அங்க இருக்கோணும், அவ்வளவுதானுங்க. பாதிப் பக்கம் கட்டுங்க. கட்டுனதுக்குச் சாவி குடுங்க. சாவி வாங்கிட்டு மீதிப் பக்கத்தக் காலி பண்ணித் தர்றோமுங்க."

"இதை அன்னைக்கே கூட்டத்தில் சொல்லியிருக்கலாமே?" என்றார் அவர்.

"அன்னைக்கி எங்களுக்கு ஏலம்னே தெரியாதுங்களே சார். இந்தம்மிணி கற்பூரத்த அணைச்சிருந்தா சரீன்னு பேசாம ஊட்டுல உக்காந்திருப்போமுங்க."

அப்புறம் எங்கள் ஆபீசர் பேசினார். அவ்வளவு நன்றாக அவர் பேசி நான் கேட்டதில்லை. ஏலப் பேச்சு நின்றது. பழைய கடைக்காரர்களுக்கே கடை என்று உத்தரவு வந்தது, சென்னையிலிருந்து பணமும் பின்னாலேயே வந்தது. பாதி பாதியாகக் கட்டியதில் வேலை இழுத்தடித்தது, ஒரு கோடைச் சீசனின் சுற்றுலாக் கூட்டம் முழுக்கக் கைவிட்டுப் போனது. ஆனாலும் ரயில் ஓடியது. முதல் ஓட்டத்தில் மாரமங்கலத்து ஆட்கள் பெட்டி கொள்ளாமல் ஏறிக்கொண்டு, எஞ்சின் மூச்சு வாங்கியபோது இறங்கித் தள்ளவும் தயாராக இருந்தார்கள். எஞ்சினுக்கு மறுபடி பெயிண்ட் அடிக்க வந்த ஆளை, அந்தக் கறுப்புத் தழும்பில் மட்டும் பிரஷ் வைக்கக் கூடாது என்று சரசக்கா விரட்டிவிட்டார். இப்போது அதைக் காட்டி, பழைய காலத்து நெருப்புப் பட்ட இடம் என்று வழிகாட்டிகள் பயணிகளிடம் அளக்கிறார்கள். நான் திருத்தவில்லை.

இதோடு நிறுத்தினால் உங்களுக்குச் சௌகரியமாக இருக்கும். உண்மையைச் சொன்னால் எல்லாம் நல்லபடியாக முடியும் என்று நினைத்துக்கொண்டு தைரியமாக வேலைக்குப் போவீர்கள். அப்படிப் போகாதீர்கள். கற்பூரத்தை அணைக்காததற்கு நான் வருந்தவில்லை. திரும்ப என்னை அங்கே நிறுத்தினாலும் அணைக்க மாட்டேன். ஆனால் கெட்ட சேதியைச் சொன்னவர் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. மறுநாளே ஒவ்வொரு கடைப் படியிலும் போய் உட்கார வேண்டும். இன்னும் முடிவாகவில்லை என்பதைத் தொண்டை வறளும்வரை சொல்ல வேண்டும். போகக் கூடாது என்று மேலே இருப்பவர் தடுத்தால் அவரோடு மல்லுக்கு நில்லுங்கள், கெஞ்சுங்கள், எதையாவது செய்யுங்கள். நாம் போகாத இடத்தை வதந்தி போய் நிரப்பிவிடும்.

உத்தரவு கைக்கு வந்ததும் நான் முதலில் தேடிப் போனது ராமசாமி அண்ணனைத்தான். சேலத்தில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக் கடை வாசல் ஓரமாகப் பெட்டியை வைத்து உட்கார்ந்திருந்தார். உச்சி வெயில். மேலே நிழல்கூட இல்லை. என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"உங்க கடை உங்களுக்குத்தான்னு முடிவாயிடுச்சுங்க அண்ணா. கடைசிக் கடை. திரும்ப வந்துருங்க."

அவர் முகம் மலர்ந்தது, உடனே வாடியது. "பொண்ண இங்கத்த பள்ளிக்கூடத்துல சேத்துட்டேனுங்க. மேல இருந்த ஊட்டக் காலி பண்ணிக் குடுத்தாச்சுங்க. இன்னொருக்கா மூட்டை கட்டறதுக்குத் தெம்பில்லீங்க மேடம்."

"இங்கே வேலை எப்படிங்க?"

"சேலத்துல எங்கீங்க மழை பேயுது?" என்று சிரித்தார்.

என் கையிலிருந்த குடையில் ஒரு கம்பி வளைந்திருந்தது. அவரே வாங்கிக்கொண்டார். குனிந்து கம்பியை நிமிர்த்திக்கொண்டே, கோபமே இல்லாமல், ஏதோ ஊர் விசயம் பேசுகிற மாதிரி சொன்னார்.

"அன்னைக்கி நீங்க அணைச்சிருந்தீங்கன்னா நான் மேலயே இருந்திருப்பேனுங்க."

"ஆமாங்க அண்ணா" என்றேன். வேறென்ன சொல்ல? அது உண்மை. அணைத்திருந்தால் அவரும் மற்ற எல்லாரும் ஏலத்தில் கடையை இழந்திருப்பார்கள் என்பதும் உண்மை. ஆனால் அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் குடையை ஒருமுறை விரித்துப் பார்த்து, மடக்கி என் கையில் கொடுத்தார்.

நான் ஓய்வு பெற்றுச் சேலத்திலேயேதான் இருக்கிறேன். எப்போதாவது மாலையில் வானம் இருட்டி நாலு தூறல் விழுந்தால், கொடியில் துணி கிடக்கிறதே என்று வீட்டில் எல்லாரும் ஓடுவார்கள். எனக்கு மட்டும் மனசு அந்த மருந்துக் கடை வாசலுக்குப் போகும். இன்னும் கொஞ்ச நேரம் பெய்யட்டும் என்று இருக்கும்.